நோயாளியின் கையில் ஏடு: பினாங்கும் மனநல அன்றாடப் பதிவும்

மலாயாவின் பொது மருத்துவமனைகளுள் மனநோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு முதன்முதலாக அமைந்த இடம் பினாங்குப் பொது மருத்துவமனை; ஆண்டு 1958. கடுமையான மனநோய் என்றாலே தொலைவிலுள்ள பெருங்காப்பகம் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பதுதான் என்று இருந்த நாட்டில், காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் மக்கள் வந்துபோகும் அதே வளாகத்தில் மனநோய்க்கும் சிகிச்சை பெற்று வீடு திரும்பலாம் என்ற நிலை அப்போது உருவானது. நோயாளி வீட்டில் வாழத் தொடங்கியதும் அவரை நாள்தோறும் கவனித்து எழுதிவைக்கும் வேலை காப்பகப் பணியாளரின் கையை விட்டு நீங்கியது. அந்த இடத்தில் வேறு எவரும் அமர்த்தப்படவில்லை. மனநல அறிகுறிகளையும் அவற்றைத் தூண்டும் காரணங்களையும் நோயாளியே அன்றாடம் குறித்துவைக்கும் வழக்கத்துக்கான தேவை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, அதனால் விளையும் பயன் எவ்வளவு, எந்த இடத்தில் அது தீங்காகிறது, பினாங்குத் தமிழர் வாழ்வில் அது எவ்வாறு பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

காப்பகம் எழுதிய ஏடு

1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் ஒரே நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. சிங்கப்பூரில் 1841இல் மனநோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்று எழுந்தது. தீபகற்பத்தின் மலாய் மாநிலங்களுக்காகப் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் பெரியதொரு காப்பகம் திறக்கப்பட்டது. பின்னாளில் ‘பஹாகியா மருத்துவமனை’ என்று பெயர் மாறிய அந்தக் காப்பகம், உச்ச நிலையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தன்னுள் வைத்திருந்தது. மலேசியர்களின் பேச்சில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப்பெயர் இன்றளவும் கேலிச் சொல்லாகப் புழங்குவதைக் கொண்டே, அந்த மதிற்சுவர் மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை அறியலாம்.

காப்பகங்களில் பதிவுகள் எழுதப்பட்டன. நோயாளியின் உறக்கம், உணவு, கூச்சல், அமைதி ஆகிய அனைத்தும் அவற்றில் இடம்பெற்றன. ஆனால் எழுதும் கை எப்போதும் மருத்துவருடையதாகவோ காவல் பணியாளருடையதாகவோ இருந்தது. சிங்கப்பூர்க் காப்பகத்தின் கண்காணிப்பாளராயிருந்த கில்மோர் எல்லிஸ், மலாய் மக்களிடையே காணப்பட்ட ‘அமோக்’ எனும் திடீர் வன்முறை வெறியைப் பற்றி 1893இலும், அதிர்ச்சியுற்றவர் பிறருடைய சொல்லையும் செயலையும் தம்மையறியாமல் திரும்பச் செய்யும் ‘லாத்தா’ நிலையைப் பற்றி 1897இலும் ஆங்கில மருத்துவ இதழில் கட்டுரைகள் எழுதினார். அக்கால மருத்துவ எழுத்தில் நோயாளி ஒரு காட்சிப் பொருளாகவே தோன்றினார்; தம் நோயைத் தாமே அளந்து கூறவல்ல சாட்சியாக அவர் கருதப்படவில்லை. 1952ஆம் ஆண்டு மனக்கோளாறுச் சட்டத்திலிருந்து, 2001இல் நிறைவேறி 2010இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் வரையிலான பயணத்தில் சமூகம் சார்ந்த சிகிச்சைக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. எனினும், வீட்டிலிருக்கும் நோயாளியின் அன்றாட நிலையை யார் கவனிப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தால் மட்டும் விடை தந்துவிட முடியாது.

பதிவு என்னும் கருவியின் வரலாறு

நோயின் போக்கைக் காலவரிசையில் பதிந்தால்தான் அதன் தன்மை புலப்படும் என்ற கருத்தை மனநல மருத்துவத்தில் வேரூன்றச் செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அட்டை வைத்து, நோய் எழுந்தும் தணிந்தும் செல்லும் விதத்தை ஆண்டுக்கணக்கில் குறித்த அவர், அதன் அடிப்படையிலேயே எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோயைச் சிந்தைச் சிதைவு நோயிலிருந்து பிரித்துக் காட்டினார். பிற நாட்டு மனநோயாளிகளைக் காண விரும்பி 1904இல் ஜாவாத் தீவின் பொய்ட்டன்சோர்க் காப்பகத்துக்கும் அவர் வந்திருந்தார். அமெரிக்காவில் அடால்ஃப் மேயர் வகுத்த வாழ்க்கை வரைபடமும், பிற்காலத்தில் ராபர்ட் போஸ்ட், கேப்ரியல் லெவெரிச் ஆகியோர் இருமுனைக் கோளாறுக்கென வடிவமைத்த அன்றாட வரைபடமும் இதே வழியில் வந்தவை. இருமுனைக் கோளாறு என்பது, மேனியா எனப்படும் மிகையெழுச்சியும் ஆழ்ந்த மனச்சோர்வும் ஒருவரிடமே வெவ்வேறு காலங்களில் தோன்றும் நோயாகும். அந்நோய்க்கு லித்தியம் உப்பு பயன்படும் என்பதை 1949இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரின் சாங்கி முகாமில் போர்க்கைதியாயிருந்தவர். மிகையெழுச்சியுற்ற பத்துப் பேரிடம் மருந்துக்கு முன்னும் பின்னும் காணப்பட்ட நிலையைக் கவனித்து எழுதிய குறிப்புகளே அக்கண்டுபிடிப்பின் ஆதாரம்.

எழுதுகோல் நோயாளியின் கைக்கு மாறியது 1970களில்தான் என்று கூறலாம். ஆரன் பெக்கும் அவருடைய குழுவினரும் 1979இல் வெளியிட்ட மனச்சோர்வுச் சிகிச்சை நூலில், நிகழ்ச்சி, அப்போது எழுந்த உணர்ச்சி, தானாக ஓடிய எண்ணம், அதற்கான மாற்று விளக்கம் ஆகியவற்றைக் கட்டம் கட்டி எழுதும் தாள் ஒன்று இடம்பெற்றது. அதே காலத்தில் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் ரீட் லார்சனும், பேஜர் கருவி ஒலிக்கும் நேரமெல்லாம் அந்தக் கணத்து மனநிலையைக் குறிக்கச் செய்யும் ஆய்வுமுறையை வளர்த்தெடுத்தனர். 1994இல் ஆர்தர் ஸ்டோன், சால் ஷிஃப்மன் இருவரும் இத்தகைய முறைகளை ‘அந்தந்தச் சூழலில், அந்தந்தக் கணத்தில் மதிப்பிடுதல்’ என்ற ஒரே கோட்பாட்டின்கீழ்த் தொகுத்தனர். மனநிலையைப் பதியும் இன்றைய கைப்பேசிச் செயலிகள் இந்த மரபின் வாரிசுகளே.

நினைவு ஏன் போதாது

நோயாளி மருத்துவரைச் சந்திப்பது வாரங்களுக்கு ஒருமுறை, சில வேளை மாதங்களுக்கு ஒருமுறை. சந்திப்பில் கேட்கப்படும் முதற் கேள்வி, ‘இடைப்பட்ட காலத்தில் எப்படி இருந்தீர்கள்?’ என்பதாகும். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒன்பது வினாப் படிவமும் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியே வினவுகிறது. இவ்வினாக்களுக்கு விடை தருவது நினைவு. நினைவோ கேட்கப்படும் நேரத்து மனநிலைக்குக் கட்டுப்பட்டது. சோர்ந்திருப்பவருக்குச் சோர்வான நாள்களே எளிதில் நினைவுக்கு வரும் என்பதை 1981இல் கார்டன் பவர் தம் ஆய்வுகளின்வழி விளக்கினார். வலி மிகுந்த மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் அதன் மொத்த நேரத்தைப் பொருட்படுத்தாமல், வலியின் உச்சத்தையும் இறுதிக் கணங்களையும் கொண்டே முழு அனுபவத்தையும் மதிப்பிடுகிறார்கள் என்று ரெடல்மையரும் கானமனும் 1996இல் காட்டினர். ஆகவே, முந்தைய நாள் வீட்டில் சண்டை நடந்திருந்தால், ஓரளவு நிம்மதியாகக் கழிந்த ஆறு வாரங்களும் இருண்ட காலமாகவே மருத்துவரிடம் சொல்லப்படலாம். மருந்தின் அளவும் அதையொட்டிக் கூட்டப்படலாம்.

அன்றாடப் பதிவு இல்லாமல் நோயை உறுதிப்படுத்தவே முடியாத ஓர் இடமும் மருத்துவத்தில் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் கடும் எரிச்சல், அழுகை, பதற்றம், சோர்வு ஆகியவை தோன்றி, விலக்கு வந்த சில நாள்களில் மறையும் கோளாறை 2013இல் வெளியான அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு தனி நோயாக வகைப்படுத்தியது. குறைந்தது இரண்டு மாதச் சுழற்சிகளுக்கு நாள்தோறும் மதிப்பெண் இட்ட பதிவு கிடைக்கும்வரை அந்த முடிவு தற்காலிகமானதே என்று கையேடு கூறுகிறது. மாதம் முழுவதும் நீடிக்கும் மனச்சோர்வு அந்த நாள்களில் மட்டும் கூடுகிறதா, அல்லது அந்த நாள்களில் மட்டுமே தோன்றுகிறதா என்பதைப் பதிவின்றிப் பிரித்தறிவது அரிது. இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றன்று.

அளக்கும் கருவியைப் பொறுத்து விடை மாறும் என்பதற்கு மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வுகளும் சான்று. 2015ஆம் ஆண்டு ஆய்வு, பெரியவர்களுள் 29.2 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கூறியது; 2019இல் மனச்சோர்வு 2.3 விழுக்காடு என்றும், 2023இல் 4.6 விழுக்காடு என்றும் அறிவிக்கப்பட்டது. முதல் எண் பொதுவான மன உளைச்சலை வடிகட்டும் வினாத்தாளிலிருந்தும், பின்னிரண்டும் மனச்சோர்வு என்ற ஒன்றை மட்டும் தேடும் வினாத்தாளிலிருந்தும் வந்தவை ஆதலால், அவற்றை ஒரே கோட்டில் வைத்து ஒப்பிடுவது பிழை. தனிமனிதர் பதிவுக்கும் இவ்விதி பொருந்தும்: இன்று ஓர் அளவுகோல், நாளை வேறோர் அளவுகோல் என்று எழுதினால் ஏற்ற இறக்கம் நோயினுடையதா, அளவுகோலினுடையதா என்பது தெரியாது.

தூண்டலும் முன்னறிகுறியும்

தூண்டல் என்பது ஏற்கெனவே நோய்க்கு ஆளாகக்கூடிய ஒருவரிடம் அறிகுறிகளைக் கிளப்பிவிடும் புற நிகழ்வு அல்லது உடல்நிலை மாற்றம். முன்னறிகுறி என்பது நோய் மீண்டும் எழுவதற்கு முன் அதன் தொடக்கமாகவே தோன்றும் சிறு மாற்றம். கருத்தளவில் இவை வெவ்வேறாயினும் வாழ்க்கையில் இவை ஒன்றோடொன்று கலந்தே தென்படுகின்றன. உறக்கக் குறைவு இதற்குச் சிறந்த சான்று. உறக்கம் குறைவது மிகையெழுச்சியின் விளைவு மட்டுமன்று, பலவகைக் காரணங்களும் மிகையெழுச்சியைக் கிளப்புவது உறக்கக் குறைவின் வழியாகத்தான் என்ற கருத்தைத் தாமஸ் வேர் முதலானோர் 1987இல் முன்வைத்தனர். அவ்வாறாயின் இரண்டு மணி நேரமே உறங்கியும் களைப்பின்றி எழுந்தவர், நோயின் காரணத்தை அனுபவிக்கிறாரா, நோயையே அனுபவிக்கிறாரா?

இக்கேள்விக்கு ஒரு நாள் குறிப்பு விடை தராது. வரிசை விடை தரும். கணவன் மனைவியிடையே சண்டை, அதன்பின் உறக்கமின்மை, அதன்பின் படபடப்பு என்று மூன்று முறை இதே ஒழுங்கில் நிகழ்ந்திருந்தால் சண்டையைத் தூண்டலாகக் கருதலாம். உறக்கம் குறைந்து, பேச்சு கூடி, கைப்பணம் கண்டபடி செலவாகி, அதன்பின் சண்டை வந்திருந்தால் சண்டை நோயின் விளைவு. குடும்பத்தார் கண்ணுக்கு இரண்டு இடத்திலும் சண்டை மட்டுமே பெரிதாகத் தெரியும். நேர வரிசையோடு எழுதப்பட்ட தாளுக்குத்தான் வேறுபாடு தெரியும். பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பின்னர் அதைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிந்து, இறுதியில் ஐந்தொகை கண்டதைப்போல, மனநலப் பதிவிலும் அன்றன்று எழுதுவது ஒரு வேலை, அதைத் தொகுத்துப் படிப்பது வேறொரு வேலை. முதல் வேலையோடு நின்றுவிடும் பதிவுகளே பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன.

பினாங்கின் நாள்கள்

தூண்டல்களின் பட்டியலைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. வாழும் ஊரின் நாள்முறையிலிருந்தே அது உருவாக வேண்டும். 1969இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதியைப் பினாங்கு இழந்தபின், துறைமுகத்தை நம்பியிருந்த வேலைகள் சுருங்கின; 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் அமைந்து மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகியதும், இன்டெல் போன்ற நிறுவனங்களில் இளைஞர்களும் பெண்களும் ஷிப்ட் முறையில் இரவு பகலாக வேலை செய்யத் தொடங்கினர். இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறிமாறி வரும் உடலுக்கு உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் நிலையாக இருப்பதில்லை. அன்றாட நடவடிக்கைகளின் நேர ஒழுங்கு குலைவது இருமுனைக் கோளாறில் நோயைத் திரும்ப எழுப்பக்கூடும் என்ற அடிப்படையில், எழுந்த நேரம், முதன்முதலில் பிறருடன் பேசிய நேரம், வேலை தொடங்கிய நேரம், உண்ட நேரம், படுத்த நேரம் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவுமுறையை எல்லன் பிராங்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் உருவாக்கினர். ஷிப்ட் வேலையில் இருப்பவரின் பதிவில் தேதிக்குப் பக்கத்தில் ஷிப்ட் எது என்ற ஒற்றை எழுத்து இல்லாவிட்டால், மற்ற எண்கள் அனைத்தும் தவறான பொருள் தரும்.

விழாக்களும் விரதங்களும் மற்றொரு தொகுதி. தைப்பூசத்தின்போது பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலை நோக்கி வெள்ளி ரதம் புறப்படும் நாள்களில் இரவு உறக்கம் பலருக்கும் குறைகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் காவடி எடுப்போர் விரதமிருக்கின்றனர். ஜார்ஜ் டவுனின் தமிழ் முஸ்லிம்களுக்கு ரமலான் மாதம் உணவு, நீர், உறக்கம் மூன்றின் நேரத்தையும் மாற்றியமைக்கிறது. லித்தியம் உட்கொள்பவர் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறி நஞ்சாகக்கூடும் என்பதால், விரத நாள்களில் கைநடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் போன்றவற்றைக் குறித்துவைப்பது உயிர்காக்கும் செயலாகிறது. இத்தகையோர் விரதத்தைக் கைவிட வேண்டும் என்பதன்று இதன் கருத்து. விரதம் தொடங்குமுன் மருத்துவரோடு கலந்துபேசுவதற்கு முந்தைய ஆண்டின் பதிவு ஆதாரமாக நிற்கும் என்பதே.

பதிவுத் தாளில் மதுவைப் பற்றிய கட்டம் பலராலும் வெறுமையாக விடப்படுவது. சம்சு எனும் மலிவு விலைச் சாராயம் உழைக்கும் இந்தியக் குடும்பங்களைச் சீரழிப்பதை எதிர்த்து, எஸ். எம். முகமது இத்ரீஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் இயக்கம் நடத்தியது. மது உடனடியாக உறக்கம் தருவதுபோல் தோன்றினாலும் பின்னிரவு உறக்கத்தைக் கெடுக்கிறது. மறுநாளின் பதற்றத்தையும் சோர்வையும் கூட்டுகிறது. இந்தத் தொடர்பை அறிவுரையாகக் கேட்பவர் மறுக்கலாம். தம் கையால் எழுதிய ஒரு மாத எண்களில் காண்பவர் மறுப்பது கடினம்.

சான்றுகள் சொல்வது

பதிவின் பயனைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 1999இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், இருமுனைக் கோளாறுள்ள 69 பேருள் ஒரு பகுதியினருக்குத் தத்தம் முன்னறிகுறிகளை அறிந்து உடனே உதவி நாடும் பயிற்சி தரப்பட்டது. ஒவ்வொரு குழுவிலும் நான்கில் ஒரு பங்கினருக்கு மிகையெழுச்சி திரும்பும்வரை கடந்த காலத்தைக் கணக்கிட்டபோது, பயிற்சி பெறாதோரிடம் அது 17 வாரமாகவும், பெற்றோரிடம் 65 வாரமாகவும் இருந்தது. ஆனால் மனச்சோர்வு திரும்புவதை அப்பயிற்சி தள்ளிப்போடவில்லை. டென்மார்க்கில் கைப்பேசி வழியே நாள்தோறும் தம் நிலையைப் பதிந்த இருமுனைக் கோளாறு நோயாளிகளைப் பற்றி 2015இல் வெளியான ஆய்வில், மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. பதிந்தவர்களிடம் சோர்வு அறிகுறிகள் சற்றே நீடித்ததற்கான சாயலும் தென்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது: எழுதுவது தானாகக் குணப்படுத்துவதில்லை, எழுதியதைக் கொண்டு எதைச் செய்வது என்று முன்பே வகுத்திருந்தால் மட்டும், அதுவும் சில வகை அறிகுறிகளுக்கு, அது துணைசெய்கிறது.

மனச்சோர்வில் பதிவு நீடித்த துயரமாக மாறக்கூடும் என்பதற்குக் காரணம் உண்டு. துயரத்தையும் அதன் காரணங்களையும் திரும்பத்திரும்ப அசைபோடுவோரிடம் சோர்வு நீள்கிறது என்பது சூசன் நோலன்-ஹோக்ஸிமா 1991இல் வகுத்த கோட்பாடு. ‘இன்று ஏன் இப்படி ஆனேன்?’ என்று பக்கம் பக்கமாக எழுதும் நாட்குறிப்பு அந்த அசைபோடலுக்குத் தீனி போடும். அவ்வாறே, நெஞ்சுத் துடிப்பையும் மூச்சையும் மணிக்கு மணி சரிபார்க்கும் இயல்புடைய பதற்ற நோயாளிக்கும், ஐயத்தால் ஒன்றையே மீண்டும் மீண்டும் சோதிக்கும் நோயுடையவருக்கும் விரிவான பதிவு நோயின் இன்னொரு கையாகிவிடும். இத்தகையோர் மருத்துவர் வரையறுத்த அளவுக்கு மேல் எழுதாதிருப்பதே நலம்.

பதிவின் நேர்மையும் ஆராயத்தக்கது. நாட்பட்ட வலியுடையோருக்குக் காகித நாட்குறிப்பேடு தந்து, அதன் உறையில் ஒளியை உணரும் கருவியை மறைத்துவைத்து ஸ்டோன் குழுவினர் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. குறித்த நேரத்தில் எழுதியதாக 90 விழுக்காடு பதிவுகள் காட்டின. ஏடு உண்மையில் அந்நேரத்தில் திறக்கப்பட்டது 11 விழுக்காடு மட்டுமே. பலரும் விட்ட நாள்களைப் பின்னர் மொத்தமாக நிரப்பியிருந்தனர். விட்ட நாளை வெறுமையாக விடுவது குறையன்று. பொய்யாக நிரப்புவதே பதிவைக் கெடுக்கும்.

எழுதும் முறையும் காக்கும் முறையும்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து நடைமுறை ஒன்றை வகுக்கலாம். ஒரு நாளுக்கு ஒரு வரி. அதில் உறங்கிய மணிநேரம், மிகத் தாழ்ந்த நிலைக்குக் கழித்தல் ஐந்தும் மிகை நிலைக்குக் கூட்டல் ஐந்துமாக மனநிலை எண், மருந்து உட்கொண்டதா என்ற குறி, மது, பெண்களுக்கு மாதவிடாய் நாள், ஷிப்ட், குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி ஒன்று ஆகியவை போதும். இரவு படுக்குமுன் ஒரே நேரத்தில் எழுதுவதும், காரணத்தை ஆராயாமல் நிகழ்ந்ததை மட்டும் குறிப்பதும், வாரம் ஒருமுறை மட்டும் திரும்பப் படிப்பதும் அசைபோடலைக் குறைக்கும். மருத்துவரிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேச நேரும் தமிழ் நோயாளிக்கு எண்களும் குறிகளும் மொழித்தடையின்றிச் சென்றுசேரும். நான்கு வாரங்களை ஒரே தாளில் வரைபடமாக்கினால் குறுகிய சந்திப்பிலும் அதை ஒரு பார்வையில் படித்துவிடலாம். உறக்கம் இரண்டு நாள் தொடர்ந்து இத்தனை மணிக்குக் கீழே போனால் யாரை அழைப்பது என்ற குறிப்பும் அதே தாளின் தலைப்பில் இருக்க வேண்டும்.

பதிவை யார் படிக்கலாம் என்பதும் சிகிச்சையின் பகுதியே. கூட்டுக் குடும்ப வீட்டில் கிடக்கும் ஏடு ஏச்சுக்குக் கருவியாகலாம். செயலியில் இட்ட விவரம் விளம்பர நிறுவனங்களுக்குப் போய்ச்சேரலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நடப்பிலிருந்தவரை, சாக வேண்டும் என்ற எண்ணத்தை எழுத்தில் வைக்கவே மலேசியர் அஞ்ச நேர்ந்தது. அப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டது அவ்வகையில் பெரும் விடுதலையாகும். ஆனால் அத்தகைய எண்ணம் எழும் நாளில் ஏட்டில் குறித்துவிட்டு அடுத்த சந்திப்புக்குக் காத்திருத்தல் கூடாது. சுகாதார அமைச்சு 2022 அக்டோபரில் தொடங்கிய 15555 என்ற உதவி எண்ணையோ, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ உடனே நாட வேண்டும்.

1958இல் பினாங்கு தொடங்கிவைத்த மாற்றம் நோயாளியை ஊருக்குள் கொண்டுவந்தது. அவருடைய அன்றாடச் சாட்சியத்துக்கு மருத்துவத்தில் உரிய இடம் தரும்போதே அது முழுமையடையும். நோயாளி எழுதலாம், மருத்துவர் கேட்டு வாங்கிப் படிக்காவிட்டால் அவ்வெழுத்து விரைவில் நின்றுவிடும். எனவே, ஒரு பக்கப் பதிவுத் தாளைத் தமிழிலும் அச்சிட்டு நோயாளியிடம் தருவதும், ஒவ்வொரு சந்திப்பையும் அந்தத் தாளிலிருந்தே தொடங்குவதும் மருத்துவமனைகள் சிறு செலவில் செய்யக்கூடியவை. அவை செய்யப்பட வேண்டும்.